மதியச் சாப்பாட்டில் பாதி

சுவான்சி. செயின்ட் தாமஸ் மேட்டில் ஒரு தெரு.
மழை கீழிருந்து மேலே பெய்கிற காற்று.
கதவைத் திறந்த நெரிஸ் புரோபர்ட்
என் தோளுக்கு மேலால் வானைப் பார்த்தாள்.
மழைக்காக அல்ல.
தெருவோரம் நின்ற என் வெள்ளை வானை;
அதிலிருந்து ஓர் ஆண் இறங்குவானா என்று.

"நான்தான்" என்றேன்.
"ஓ, லவ்லி" என்றாள்.

குசினித் தரையில் இரண்டு பலகையைக் கிளப்பினால்
செம்புக் குழாயின் முழங்கை ஒன்று
பச்சை பூத்து ஒழுகிக்கொண்டிருக்கிறது.
எவனோ அவசரக்காரன் பற்றவைத்தது.
வெளியில் ஈயம் வழிந்து கொழுத்திருக்கிறது.
உள்ளே பாதி வளையம் வெறுமை.
பூசியிருக்கிறான்.
பூசியது பற்றாது.

வெட்டி எடுத்தேன்.
இரும்புப் பஞ்சால் குழாய் நுனியைத் தேய்க்கத் தேய்க்க
கறுப்புப் போய், பழுப்புப் போய்,
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கன்ன நிறம் வந்தது.
இனி அதை விரலால் தொடக்கூடாது.
விரலின் எண்ணெய்க்கே ஈயம் கோபித்துக்கொள்ளும்.
பசை தடவி, புது முழங்கையைச் செருகி, ஒரு திருகு.
பின்னால் தீத்துணி; உத்தரம் கருகினால் வீடே போகும்.

சுடரை வைத்தேன்.
பசை கொதித்தது, புகைந்தது.
ஈயக்கம்பி மட்டும் குச்சி மாதிரி நின்றது.
உள்ளே ஒரு சீறல்.

தண்ணீர்.

படிக்குக் கீழே இருக்கும் பிரதான வால்வு
முழுக்க மூடுவதில்லை, அளவு பிசகின பல்செட் போல.
அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு.
தண்ணீர் இருக்கும்வரை செம்பு நூறு பாகையைத் தாண்டாது.
ஈயத்துக்கு இருநூற்றுச் சொச்சம் வேண்டும்.
ஒரு தேக்கரண்டித் தண்ணீர்
சிலிண்டர் முழுவதையும் குடித்துவிட்டுச்
சும்மா கிடக்கும்.

"வெள்ளைப் பாண் ஒரு துண்டு இருக்குமா?"
"டாக்டர் நிற்பாட்டச் சொல்லிவிட்டார்.
ஓட்ஸ் பிஸ்கட் இருக்கு. பசிக்குதா?"

வானுக்கு ஓடினேன்.
விடியற்காலம் நானே இடித்த சம்பல், இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில்.
ஒன்றைப் பிரித்து,
சம்பலை மற்றதன் தலையில் வழித்துவிட்டு,
கரையைப் பிய்த்தெறிந்தேன். கரை கரையாது.
வெள்ளையை உருட்டிக் குழாய்க்குள்
சுட்டுவிரல் ஆழத்துக்குத் தள்ளினேன்.

பாண் கொஞ்ச நேரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.
அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

மறுபடி பஞ்சு, மறுபடி பசை, மறுபடி சுடர்.
இந்தமுறை சுடரின் ஓரம் பச்சை கட்டியது.
சுடர் படாத பக்கமாய்க் கம்பியை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு கம்பியின் நுனியைக் காணோம்.
மயிர் நுழையாத இடுக்குக்குள்
சூட்டைத் தேடி ஓடி, மேட்டிலும் ஏறி,
சுற்றிவந்து விளிம்பில்
மெல்லிய வெள்ளி மோதிரமாய் எட்டிப்பார்த்தது.

பதினொரு வருஷம்.
இந்த இடத்தில் இன்னும் மூச்சை நிறுத்திவிடுகிறேன்.

ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து,
வால்வைத் திறந்து,
மூட்டைச் சுற்றி டிஷ்யூ கட்டிக் காத்திருந்தேன்.
தாள் காய்ந்தே இருந்தது.

குழாய் வாயின் வலையைக் கழற்றி நீரை விட்டேன்.
காற்று இருமியது. பால் நிறம். பாண் துகள்.
தெளிந்ததும் நெரிஸ் ஒரு கிளாஸ் பிடித்து
ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினாள்.
அடியில் ஒரு சிவப்புத் துணுக்கு.

"துருவா?"

செம்பு துருப்பிடிக்காது.
செம்பை உருக்கி உருக்கியே ஒருகாலம் புகைந்த ஊரில்
அதை நான் சொல்வதா?
"இன்னும் கொஞ்சம் ஓடவிடுங்கோ, போய்விடும்" என்றேன்.
அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவள் அந்தக் கிளாஸைக் கொட்டவில்லை.
கேத்தலுக்குள் ஊற்றினாள்.

தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு
வானுக்குள் இருந்து மிச்சத்தைத் தின்றேன்.
ஒரு துண்டுப் பாண், இரண்டு துண்டின் சம்பல்.
கண்ணும் மூக்கும் ஒழுகின.
மூன்று மணிக்கு மம்பிள்ஸில் ஒரு ரேடியேட்டர்.